காத்துப் பக்கம், புகைப் பக்கம்

ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. மெக்கானிக் கட்ட வேண்டிய தொகை இது என்று அந்தத் தாள் சொன்னது. அவர் வாங்காத கடன். அவர் செய்யாத வேலைக்கு வந்த பில்.

"கேம்ஷாஃப்ட் ஒரு ஜோடி, தொண்ணூத்தாறாயிரம். வளைஞ்ச வால்வு எட்டு, முப்பத்தெட்டாயிரத்து நானூறு. கேஸ்கெட், ஆயில் வகையறா, பதினஞ்சாயிரத்து இருநூத்தம்பது. மன உளைச்சல், முப்பத்தஞ்சாயிரம்." மூட்டை விரல் வைத்துப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தான். "மேடம், மன உளைச்சலுக்குக்கூட ரேட் இருக்கா? தெரிஞ்சிருந்தா நான் லாரியில சுமை ஏத்தின முப்பது வருஷத்துக்கு இந்நேரம் பங்களா கட்டியிருப்பேன்."

"கட்டியிருந்தா அந்தப் பங்களாவுக்கும் நீதான் செங்கல் சுமந்திருப்பே. அவரைப் பேச விடு" என்றார் ரசீதம்மா.

ரசீதம்மா இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபது வருஷம் பொய்க் கணக்குகளைப் பிடித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். யார் எதைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி "ரசீது இருக்கா?" என்பதுதான். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய வங்கி மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. மூட்டை அவருடைய உதவியாள். முதுகு போன பிறகு வாயை வைத்துப் பிழைக்க வந்தவன்.

மெக்கானிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், கிரீஸ் ஒட்டிவிடும் என்ற பயத்தில்.

"நான் வாடகைக்கு இருக்குற ஷெட் ஓனரோட மாப்பிள்ளை, வீட்டோட மாப்பிள்ளை. காருக்கு ரேஸ் கேம்ஷாஃப்ட் வாங்கினார். மாட்டிக் கொடுக்க எவ்வளவுன்னு கேட்டார். பன்னெண்டாயிரம் சொன்னேன். நாலு போல்ட் கழட்ட பன்னெண்டாயிரமான்னு சிரிச்சார். வீட்டுலயே நானே மாட்டிக்கிறேன்னுட்டார். மாட்டினார். சாவியைத் திருப்பினார். கடகடன்னு ஒரு சத்தம், அதோட சரி."

"இதுல நீங்க எங்க வர்றீங்க?"

"டார்க் ஸ்பானர் இரவல் வாங்கிட்டுப் போயிருந்தார். போல்ட்டை அளவா முறுக்குற ஸ்பானர். திருப்பி வாங்கப் போனேன். அவர் உள்ள ஆபீஸ் மீட்டிங்ல இருந்தார். எடுத்துட்டு வந்துட்டேன். அந்த அஞ்சு நிமிஷத்துல நான் அந்த ரெண்டு கேம்ஷாஃப்ட் தண்டையும் இடம் மாத்தி வச்சுட்டேனாம். பொறாமையாம். அதுக்குத்தான் மாமனாரும் மாப்பிள்ளையும் சேந்து இந்த பில்."

"பணம் கட்டலைன்னா?"

"இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஷெட்டுக்குப் பூட்டு. பதினொரு வருஷமா அங்கதான் என் பிழைப்பு. உள்ள மூணு வண்டி இன்ஜின் பிரிச்சுக் கிடக்கு. அதுக்கு அட்வான்ஸ் வாங்கிச் செலவும் பண்ணியாச்சு."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.

"அந்தத் தண்டு என்னதான் பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் ரசீதம்மா.

"இன்ஜின் மூச்சு விடணும்மா. காத்தை உள்ள இழுக்கணும், புகையை வெளிய தள்ளணும். அதுக்குக் கதவு மாதிரி வால்வு. கதவைத் தள்ளித் திறக்குறது இந்தத் தண்டு. மேடு மேடா இருக்கும். ரேஸ் தண்டுல மேடு பெருசு, மூச்சும் பெருசு. இழுக்குறதுக்கு ஒண்ணு, விடுறதுக்கு ஒண்ணு. மாத்தி மாட்டினா கதவு திறந்திருக்குற நேரத்துல பிஸ்டன் மேல வந்து முட்டும். வால்வு வளையும்."

"வளைஞ்சது வால்வு, நிமிர்த்தப் பாக்குறது உங்களை" என்றான் மூட்டை.

மாப்பிள்ளை வீட்டுக் கார் ஷெட், மெக்கானிக்கின் பட்டறையைவிடச் சுத்தமாக இருந்தது. அதாவது, அங்கே இதுவரை வேலை எதுவும் நடந்ததில்லை. சுவரில் ஸ்பானர்கள் உயர வரிசையில் தொங்கின. பாதிக்கு இன்னும் விலைச்சீட்டு கிழிக்கப்படவில்லை. நடுவில் கார் வாயைப் பிளந்து நின்றது. கழற்றிய இரண்டு தண்டுகளும் மேசை மேல், ஒரு தட்டுக்கு அருகே, பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

மாப்பிள்ளை புத்தம்புது மெக்கானிக் அங்கி போட்டுக்கொண்டு வந்தார். இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பின்னால் மாமனார், ஷெட் ஓனர். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் மனைவி, முகத்தில் நாலு நாள் தூக்கமில்லாத கோபம். தொண்ணூற்றாறாயிரம் அவள் சேமிப்பு என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"தனி ஆளா செஞ்சேன் மேடம்" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். "ஒருத்தர் கை படல. முழுக்க வீடியோ எடுத்து ஆபீஸ் குரூப்ல போட்டேன். எழுநூறு பேர் பாத்திருக்காங்க."

"சத்தம் வந்ததையும் போட்டீங்களா சார்?" என்று மூட்டை கேட்டான்.

"அது... எடிட்டிங்ல போயிடுச்சு."

ரசீதம்மா தண்டுகளைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றின் முனையிலும் அரிசி அளவுக்கு ஒரு ஆங்கில எழுத்து கொத்தப்பட்டிருந்தது. ஒன்றில் E. மற்றதில் I. போன் வந்ததால் மாமனார் வாசலுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

"E எக்ஸாஸ்ட், புகை போற பக்கம். I இன்டேக், காத்து வர்ற பக்கம்" என்றார் மாப்பிள்ளை, பாடம் நடத்தும் குரலில். "கழட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சது, ரெண்டும் இடம் மாறி இருந்துச்சு. மீட்டிங் முடிஞ்சு வந்து, இந்தத் தட்டுல இடது பக்கம் இருந்ததை இன்டேக்குல வச்சேன், வலது பக்கம் இருந்ததை எக்ஸாஸ்ட்ல வச்சேன். நடுவுல அந்த ஆள் வந்துட்டுப் போயிருக்கான். வேற யாரு மாத்தியிருக்க முடியும்?"

"மாட்டும்போது எழுத்தைப் பாக்கலையா?"

"எதுக்குப் பாக்கணும்? இடம்தான் கரெக்டா இருந்துச்சே!"

"சாவி போடறதுக்கு முன்னாடி கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணுமாமே. முட்டினா கையிலேயே தெரிஞ்சுடுமாம். ஸ்பானர் கொடுக்கும்போதே மெக்கானிக் சொன்னாராம்."

மாப்பிள்ளை கழுத்தைச் சொறிந்தார். "வீடியோவுல அந்த இடத்துல விளம்பரம் வந்துச்சு. தள்ளி விட்டேன். கொஞ்சம் அதிகமா தள்ளிட்டேன்போல."

"விளம்பரத்தைத் தள்ளினதுல இன்ஜினும் சேந்து போச்சு" என்று முணுமுணுத்தபடி மூட்டை தட்டைத் தூக்கினான். தூக்குவது அவனுக்குப் பழக்கம். எதைப் பார்த்தாலும் முதலில் தூக்கி எடை பார்ப்பான். தட்டின் அடியில், இடது பக்கமாக, எண்ணெயில் ஊறிய சின்னச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாவால் ஒரே ஒரு எழுத்து, அழகாக, சுழித்து.

இ.

"தமிழ்!" என்று மாப்பிள்ளை கத்தினார். "எங்க வீட்டுல யாரு தமிழ்ல எழுதுறா? அந்த மெக்கானிக்தான்! மாத்தி வச்சதும் இல்லாம அடையாளச் சீட்டு வேற!"

போன் பேசி முடித்து உள்ளே வந்த மாமனார் இருமினார்.

ரசீதம்மா சீட்டைத் திருப்பினார். பின்பக்கம் அச்சு. 'ரசீது எண் 1. திரு ........ அவர்களிடமிருந்து வாடகையாகப் பெற்றுக்கொண்டது ........' புள்ளிக்கோடு எல்லாம் காலி.

"வாடகை ரசீது!" மாப்பிள்ளைக்குக் குஷி தாங்கவில்லை. "மாமா, நீங்க அவனுக்குக் கொடுக்குற ரசீதுதானே இது?"

"ஆங்... ஆமா" என்றார் மாமனார். "மாசாமாசம் கொடுக்கிறேனே. வாங்கிட்டுப் போவான்."

"மாசாமாசம்?" என்று ரசீதம்மா கேட்டார்.

"தவறாம."

ரசீதம்மா சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அஞ்சு மணிக்குள்ள வர்றோம். அதுவரைக்கும் பூட்டைத் தேடி எடுத்து வைங்க, எண்ணெய் போட்டு."

பட்டறை நாலு தெரு தள்ளி இருந்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே வாளி. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் கை போகும். சுவர் ஓரமாகப் பழைய பெயின்ட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் வால்வுகள். டப்பா மேல் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: கா, பு, கா, பு.

"இது என்ன, கிளி ஜோசியமா?" என்றான் மூட்டை.

"கான்னா காத்துப் பக்கம். புன்னா புகைப் பக்கம்" என்றார் மெக்கானிக். "எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். இன்டேக், எக்ஸாஸ்ட்டுன்னெல்லாம் இங்க யாரும் சொல்றதில்ல. வாயில நுழையறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும்."

ரசீதம்மா எண்ணெய்ச் சீட்டை நீட்டினார். "இது என்ன எழுத்து?"

"இ."

"உங்க வேலையில இந்த எழுத்து எதுக்கு வரும்?"

மெக்கானிக் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "இரும்புக் கழிவுன்னு ஒரு டிரம் இருக்கு. அதுல எழுதியிருந்தேன். அழிஞ்சு போச்சு."

"வாடகை கொடுத்ததுக்கு ரசீது இருக்கா?"

மெக்கானிக் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. "பதினொரு வருஷத்துல ஒரு சீட்டு பாத்ததில்லம்மா. கேட்டா, 'நமக்குள்ள என்னப்பா ரசீது, நான் உன்னை நம்பறேன், நீ என்னை நம்பு'ம்பார். ரசீது கொடுத்தா அவர் வரி கட்டணுமே. இப்ப ஆறு மாசமா காலி பண்ணு, காலி பண்ணுங்கிறார். மருந்துக் கடைக்காரன் மூணு மடங்கு வாடகைக்குக் கேக்கறானாம். நான் குடியிருந்தேன்னு காட்டக்கூட எங்கிட்ட ஒரு துண்டு காகிதம் கிடையாது."

ஆட்டோவில் ஏறியதும் மூட்டை பொங்கினான்.

"முடிஞ்சது கதை! கிழவர் பெரிய ஆளு மேடம். மாப்பிள்ளை இன்ஜினை உடைச்சு, பழியை மெக்கானிக் தலையில கட்டி, ஷெட்டைக் காலி பண்ணி, மருந்துக் கடைக்கு விடறது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"மாங்கா அடிக்கத் திட்டம் போட்டவன் கல்லுல தன் பேரை எழுதி வைப்பானா? இது சதிகாரன் எழுத்து இல்ல மூட்டை. சுழியைப் பாரு. பெருமையா எழுதியிருக்கான். தான் சரியாத்தான் செய்யறேன்னு நம்பி எழுதியிருக்கான்."

"அப்போ?"

"அப்போ அங்க போய் நீ ஒண்ணு செய்யணும். எழுத்தே தெரியாத ஆள் மாதிரி நடிக்கணும்."

"நாப்பது வயசுக்கு மேலதான் மேடம் நான் எழுத்தையே பாத்தேன். இதுல எனக்கு நாப்பது வருஷ அனுபவம் இருக்கு."

அவர்கள் திரும்பிப் போனபோது மணி நாலே கால். மாமனார் மடியில் புதுப் பூட்டு. மெக்கானிக்கும் கூடவே வந்து வாசலோரமாக நின்றுகொண்டார், உள்ளே வரச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாததால்.

"சார், நான் படிக்காதவன்" என்று மூட்டை மேசையில் இருந்த ஒரு தண்டை எடுத்தான். முனையில் E. "அறிவுக்கு எட்டினதைக் கேக்கறேன். இதுல கொத்தியிருக்கே, சீப்பு மாதிரி மூணு பல்லு. இது புகைப் பக்கம்தானே?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். எழுத்துத் தெரியாதவனைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும்.

"அட அறிவு கெட்டவனே! புகைப் பக்கமாம். ஏ, பி, சி, டி, இ! இது இ. இன்டேக்குக்கு முதல் எழுத்து என்ன?"

"தெரியலையே ஐயா."

"இ! இ-ன்னா இன்டேக். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

மாப்பிள்ளையின் வாய் அவர் காரைப் போலவே திறந்து நின்றது.

"அப்போ இது ஐயா?" மூட்டை மற்ற தண்டை எடுத்தான். "ஒத்தைக் குச்சி நிக்குதே?"

"அது ஐ. ஐ-ன்னா அயர்ன். புகை போற பக்கம் சூடு ஜாஸ்தி. அதனால அந்தப் பக்கத்துக்கு அசல் இரும்பு போட்டிருப்பான் கம்பெனிக்காரன்." மாமனார் சுற்றிலும் பார்த்தார், யாராவது பாராட்டுவார்கள் என்று. "நான் யோசிக்காம வைப்பேனா?"

"வைப்பேனான்னா?" ரசீதம்மா மெல்லக் கேட்டார். "மாப்பிள்ளை தனி ஆளா செஞ்சதாச் சொன்னாரே. ஒருத்தர் கை படலையாமே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது இரண்டு நுணல்.

"மாமா!" என்றார் மாப்பிள்ளை.

"என்னை ஏன்யா மொறைக்கிறே? நீதானே மீட்டிங்குக்கு ஓடும்போது, 'மாமா, பெட்டியைப் பிரிச்சு ரெண்டையும் துடைச்சு, இன்டேக்கை இடது பக்கம் வைங்க'ன்னே! வச்சேன். மறந்துடக் கூடாதேன்னு கீழ சீட்டும் வச்சேன். நான் வச்சது வச்சபடி இருந்திருந்தா வண்டி பறந்திருக்கும். நடுவுல வந்து மாத்தினது அவன்தான்!"

"அப்பா" என்று மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "யாரும் மாத்தல. நீங்க வச்சதை அப்படியே எடுத்து மாட்டியிருக்கார், இந்தத் தனி ஆளு. E-ன்னா எக்ஸாஸ்ட்."

"எக்ஸாஸ்ட்டுக்கு எ-தானே வரும்? இ எப்படி வரும்?" என்றார் மாமனார், உண்மையான வருத்தத்தோடு.

மகள் இப்போது கணவன் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டகூடச் சொல்லல, அப்பா கை வச்சார்னு. எழுநூறு பேர் பாத்துட்டாங்கன்னு, ஒருத்தர் பிழைப்புல மண்ணைப் போடப் பாத்தீங்களே. வெக்கமா இல்ல?"

"எனக்கு ஞாபகமே... நான் துடைக்கத்தான் சொன்னேன்..." மாப்பிள்ளை அங்கியின் பொத்தானைத் திருகினார். போல்ட்டைத்தான் ஒழுங்காகத் திருகவில்லை, பொத்தானை அருமையாகத் திருகினார்.

மாமனார் அசரவில்லை. "சரி, தப்பு நடந்துபோச்சு. குடும்ப விஷயம், நாங்க பாத்துக்கறோம். ஆனா ஷெட் என்னோடது. காலி பண்ணச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவன் வாடகைக்கு இருக்கான்னு என்ன அத்தாட்சி?"

வாசலில் நின்ற மெக்கானிக்கின் கை நிலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டது.

"நீங்களே மத்தியானம் அத்தாட்சி சொன்னீங்களே" என்றார் ரசீதம்மா. பையிலிருந்து எண்ணெய்ச் சீட்டை எடுத்தார். "மாசாமாசம், தவறாம, இந்த மெக்கானிக்குக்கு ரசீது கொடுக்கிறதாச் சொன்னீங்க. நாங்க ரெண்டு பேர், உங்க மாப்பிள்ளை, உங்க பொண்ணு, நாலு பேர் கேட்டோம். பதினொரு வருஷம்னா நூத்தி முப்பத்திரண்டு மாசம். இந்த ரசீதோட நம்பர் என்ன தெரியுமா? ஒண்ணு."

"அது... வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுவேன்."

"நல்லது. பழைய பத்துப் புத்தகத்தையும் கொண்டு வாங்க, பாத்துடலாம்."

மாமனார் எழுந்திருக்கவில்லை. மகள்தான் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு புத்தகம். பைண்டு கலையாதது. முதல் தாள் மட்டும் கிழிந்திருந்தது. மற்ற தொண்ணூற்றொன்பதும் கன்னிகழியாமல் வெள்ளையாக இருந்தன.

"இதை வரி ஆபீஸ்ல காட்டினா, வாடகையே வரலைன்னு சந்தோஷப்படுவாங்களா, இல்ல நூத்தி முப்பத்திரண்டு மாச வாடகை எங்கேன்னு கேப்பாங்களா?" ரசீதம்மா பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குத் தெரியாது. எனக்குத் துப்பறியத்தான் தெரியும், கணக்கு வராது."

"இப்ப என்ன பண்ணணுங்கறீங்க?"

"ரசீது எழுதுங்க. இந்த மாசத்துல ஆரம்பிச்சுப் பின்னால போங்க. புத்தகம் தீந்தா மூட்டை இன்னொண்ணு வாங்கிட்டு வருவான்."

மாமனார் எழுதினார். அழகான கையெழுத்து, ஒவ்வொன்றிலும் சுழி. ஐந்தாவது ரசீதில் கை வலிக்கிறது என்றார். லாரியில் ஏற்றின ஐந்தாவது மூட்டைக்குத் தனக்கும் அப்படித்தான் இருக்கும் என்றும், அதற்கு மேல் பழகிவிடும் என்றும் மூட்டை ஆறுதல் சொன்னான்.

முப்பதாவது ரசீதில் மகள் நிறுத்தினாள். "மீதியை ராத்திரி எழுதட்டும். நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்." பிறகு மெக்கானிக்கிடம் போனாள். "அண்ணே, உள்ள வாங்க. இன்ஜினை நீங்களே பாத்துச் சரி பண்ணுங்க. கூலி எவ்வளவு?"

மெக்கானிக் உள்ளே வந்து காரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். அவசரப்படவில்லை. "மாட்டித் தர பன்னெண்டாயிரம். மாட்டினதைக் கழட்டிச் சரி பண்ணி மாட்டித் தர இருபத்தி நாலு. வால்வு விலை தனி."

"நாலு போல்ட்டுதானேப்பா..." என்று மாப்பிள்ளை இழுத்தார்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் மனைவி. பாதிப் பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்தாள்.

மிச்சமிருந்தது அந்தத் தாள். ரசீதம்மா அதை மாமனார் முன்னால் விரித்தார். மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாக அடித்தார். கேம்ஷாஃப்ட், அடித்தார். வால்வு, அடித்தார். கேஸ்கெட், ஆயில், அடித்தார். கடைசி வரியில் பேனா நின்றது.

"மன உளைச்சல்... அது நிஜமாவே இருந்துச்சும்மா. அதையாவது பாதி..."

"இருந்தது எனக்குங்க" என்றார் மெக்கானிக். "நாலு நாளா சோறு இறங்கல. அந்தக் கணக்கை எழுதட்டுங்களா?"

மாமனார் அந்த வரியையும் அடித்தார். அடித்ததற்குக் கீழே, 'இவர் எனக்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெக்கானிக் அதை வாங்கி, மை காயும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய ஸ்பானர்களில் ஒன்றை எடுத்து, அதன் விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார்.